செம்பு ஏன் தட்டத் தட்ட இறுகுகிறது?

கேள்வி: என் அப்பா செம்புப் பாத்திரப் பட்டறை வைத்திருக்கிறார். தகட்டைச் சிறிது நேரம் தட்டியதும் அது முரண்டு பிடிக்கிறது. உடனே உலையில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி எடுத்து, மறுபடி தட்டுகிறார். செம்பு ஒரு படிகம் என்று பாடத்தில் படித்தேன். படிகம் என்றால் கற்கண்டைப் போல் உடைந்துபோக வேண்டாமா?
(பிளஸ் டூ மாணவி, கும்பகோணம்)

பதில்: அருமையான கேள்வி, அம்மா. உன் அப்பாவின் சம்மட்டிக்குக் கீழே நடப்பதைப் புரிந்துகொள்ள இயற்பியலுக்கு 1934 வரை ஆயிற்று.

செம்பு படிகம்தான். 1914-இல் இங்கிலாந்தில் லாரன்ஸ் பிராக் என்ற இளைஞர் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி அதன் அணு அடுக்கைக் கண்டறிந்தார். கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் அணுக்கள். உன் பாடத்தில் முகப்பு மைய கனசதுரம் என்று வருவது இதுதான். இப்படிப்பட்ட ஒரு கனசதுரக் கூட்டின் பக்கம் 3.61 ஆங்ஸ்ட்ராம், ஒரு மில்லிமீட்டருக்குள் இருபத்தேழு லட்சத்துக்கும் மேற்பட்ட கூடுகள் வரிசையாக அடங்கும். மறு ஆண்டே அவருக்கும் அவருடைய தந்தைக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 25.

செம்பு உடையாததற்குக் காரணம், அதன் அணுத் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல முடியும் என்பது. உலோகத்தில் எலெக்ட்ரான்கள் எல்லா அணுக்களுக்கும் பொது. ஒரு தளம் ஓர் அணு தூரம் நகர்ந்தாலும் பிணைப்பு அறுவதில்லை. ஆனால் தளம் முழுவதும் ஒரே மூச்சில் நகர்வதில்லை. பெரிய ஜமக்காளத்தை இழுத்து நகர்த்துவது கடினம்; ஓரத்தில் ஒரு மடிப்பை உண்டாக்கி அதைத் தள்ளிக்கொண்டே போனால் எளிதாக நகரும். படிகத்திலும் அணு வரிசையில் அப்படி ஒரு பிசகு இருக்கிறது. டிஸ்லொகேஷன் என்பார்கள். டெய்லர், ஓரோவான், போலன்யி என்ற அறிவியலாளர்கள் மூவரும் தனித்தனியே 1934-இல் சொன்னது இதைத்தான்.

உலோக ஆய்வகத்தில் நான் வேலை பார்த்தபோது, உருகிய செம்பை ஒரு முனையிலிருந்து மிக மெதுவாகக் குளிரவிட்டு, தண்டு முழுவதையும் ஒரே படிகமாக வளர்ப்போம். பென்சில் கனத் தண்டு. புதிதாகச் சேரும் மாணவரிடம் அதைக் கொடுத்து வளைக்கச் சொல்வேன். விரல்களுக்குள் அது மெழுகாய் வளைந்துவிடும். "இப்போது நிமிர்த்துங்கள்" என்பேன். முகம் சிவக்க முயல்வார்கள். முழங்காலில் வைத்து அழுத்துவார்கள். பழைய நேர்த்தண்டு திரும்ப வராது. வளைத்தபோது பிசகுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கி, வழியை அடைத்துவிட்டன. நன்றாக அடிபட்ட செம்பில் ஒரு சதுர சென்டிமீட்டரைக் கடக்கும் பிசகுக் கோடுகள் லட்சம் கோடியை நெருங்கும்.

உன் அப்பாவின் தகடு பல சிறு படிகங்கள் சேர்ந்தது; அது முரண்டு பிடிப்பதும் இதனால்தான். உலையின் சூட்டில் அணுக்கள் இடம் மாறி, சிக்கல் குறைந்த புதிய படிகங்கள் முளைத்து, பழையவற்றை விழுங்கி வளர்கின்றன. தகடு மறுபடி இளகிவிடுகிறது. எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இறுகும். செம்புக்கு அந்தக் குணம் இல்லை. எவ்வளவு சிவந்ததும் எடுக்க வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டு எழுதிவை. அந்தக் கண்ணளவு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

கேள்வி: மயில்துத்தக் கரைசலில் நூலைத் தொங்கவிட்டு என் மகன் நீலப் படிகம் வளர்க்கிறான். அதுவும் செம்புப் படிகமா?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: இல்லை. அது செம்பின் உப்பு. அணுக்களோடு நீரும் சேர்ந்து அடுக்கப்பட்டது. ஆனாலும் மகனிடம் இதைச் சொல்லுங்கள்: 1912-இல் மியூனிக் நகரில் இயற்பியலாளர் லாவேயின் யோசனைப்படி ஃபிரீட்ரிக், கினிப்பிங் என்ற இருவர் எக்ஸ் கதிர்களைப் படிகத்தில் செலுத்திப் பார்த்தபோது, முதலில் புள்ளிக்கோலம் தந்தது மயில்துத்தம்தான். பிராக்கின் வேலை அதைத் தொடர்ந்து வந்தது. கரைசல் விஷம் என்பதால் சிறுவனைத் தனியே விட வேண்டாம்.

கேள்வி: உலோகப் படிகங்களைக் கண்ணால் பார்க்க முடியுமா? இதில் இனி ஆராய என்ன மிச்சம்?
(வாசகர், ஈரோடு)

பதில்: முடியும். பல காலம் கைபட்டுத் தேய்ந்த பழைய பித்தளைக் கதவுக் கைப்பிடியைச் சாய்வெளிச்சத்தில் பாருங்கள். வியர்வை அரித்து, ஒழுங்கற்ற கட்டங்கள் வெவ்வேறு பளபளப்பில் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு படிகம். ஆய்வகத்தில் செம்பைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, செம்பை அரிக்கும் ஃபெர்ரிக் குளோரைடு தடவி நுண்ணோக்கியில் வைத்தால், படிகங்களின் குறுக்கே அடிகோல் வைத்து வரைந்ததுபோல் நேரான பட்டைகளும் தெரியும். பட்டையின் இருபுறமும் அணு அடுக்கு ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்; இரட்டைப் படிகம் என்பது இதுவே.

மிச்சம் நிறைய உண்டு. இந்தப் பட்டைகளைச் சில பத்து நானோமீட்டர் இடைவெளியில் நெருக்கி அடுக்கிய செம்பை, சீனாவின் ஷென்யாங் உலோக ஆய்வு நிறுவனத்தார் மின்முலாம் முறையில் உருவாக்கி 2004-இல் வெளியிட்டார்கள். வலிமை சாதாரணச் செம்பைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு. பொதுவாக ஓர் உலோகத்தை வலுவாக்கினால் மின்கடத்தல் குறையும். இதில் அது ஏறக்குறைய தூய செம்பின் அளவிலேயே இருந்தது. இந்தப் பட்டைகளின் எல்லைகள் பிசகுகளைத் தடுக்கின்றன, எலெக்ட்ரான்களைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.