கொய்யாத் தோட்டத்தில் குரங்கு: வேலியோர ஆலமரத்தை வெட்டலாமா?

கேள்வி: பெங்களூரு ஆனேக்கல் பக்கம், பன்னேருகட்டா காட்டை ஒட்டி ஒன்றரை ஏக்கரில் கொய்யா வைத்திருக்கிறேன். ஒரு ஓரமாக அவரையும் உண்டு. சில மாதங்களாகக் குரங்குக் கூட்டம் தினமும் இறங்கி, காயிலேயே கடித்துப் போடுகிறது. வேலியோரம் இருக்கும் பெரிய ஆலமரத்தில்தான் ராத்திரி தங்குகிறது. மரத்தை வெட்டிவிட்டு, குரங்கு பிடிப்பவர்களை வைத்துக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாமா சார்? படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: மரத்தை வெட்டாதீர்கள், ஐயா. ஆள் வைத்துப் பிடிக்கவும் வேண்டாம். அந்த இரண்டாலும் உங்கள் நஷ்டம் குறையாது.

படத்தில் இருப்பது நாட்டுக் குரங்கு. உச்சந்தலையில் நடுவகிடு எடுத்து வாரிவிட்ட மாதிரி முடி இருக்கிறது பாருங்கள், அதுதான் அடையாளம். இந்தியாவின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறு எங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. இதன் இரண்டு கன்னத்துக்குள்ளும் பை உண்டு. தோட்டத்துக்குள் நுழைந்ததும் உட்கார்ந்து தின்னாது. கன்னம் புடைக்க அடைத்துக்கொண்டு மரத்துக்கு ஓடிவிடும். அங்கே போய்ப் புறங்கையால் கன்னத்தை அழுத்தி, ஒவ்வொன்றாக வாய்க்குள் தள்ளி மென்று, பெரிய கொட்டைகளைத் துப்பும். ஆலம்பழம், அத்திப்பழம் போன்றவற்றின் பொடி விதைகள் எச்சத்தோடு வெளியே வந்து முளைக்கும். நாவலும் இலந்தையும் தாய்மரத்தை விட்டுத் தள்ளி முளைப்பதில் இந்தக் கன்னப்பைக்கும் பங்கு உண்டு. வெட்டுக்கிளி, புழுக்களையும் பிடித்துத் தின்னும்.

இப்போது ஆலமரத்துக்கு வருகிறேன். மாமரம் போல எல்லா ஆலமரமும் ஒரே பருவத்தில் பழுக்காது. ஒன்று முடிந்தால் அக்கம்பக்கத்தில் இன்னொன்று பழுக்கும். அதனால்தான் காட்டில் வேறு பழம் இல்லாத மாதங்களிலும் குரங்கு, குக்குறுவான் பறவை, குயில், பழந்தின்னி வௌவால் எல்லாம் அதை நம்பி இருக்கின்றன. உங்கள் மரம் பழுத்திருக்கும் வாரங்களில் கொய்யாச் சேதம் எவ்வளவு, பழம் இல்லாத வாரங்களில் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள், வித்தியாசம் தெரியும். மரம் போனால் அந்தப் பசி முழுவதும் உங்கள் கொய்யா மேல்தான் விழும். மைசூர் வட்டாரத்தில் சாலையோர ஆலமரங்கள் வெட்டப்பட்ட பிறகு இந்தக் குரங்குகளின் எண்ணிக்கை 25 வருட இடைவெளியில் பாதிக்கும் மேல் குறைந்துபோனதாகக் கணக்கெடுப்பு சொல்கிறது. எனக்கு இது பெரிய கவலை. தவிர, 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வெட்டினால் வழக்கு வரும்.

பிடித்து விடுவதில் என்ன சிக்கல்? மந்திகள், அதாவது பெண் குரங்குகள், பிறந்த கூட்டத்திலேயே ஆயுசு முழுக்க இருக்கும், கடுவன்கள் என்கிற ஆண் குரங்குகள்தான் வளர்ந்ததும் வேறு கூட்டத்துக்குப் போகும். பத்து குரங்கைப் பிடித்தால் மீதி மந்திகள் அதே இடத்தில் குட்டி போடும். மொத்தமாகப் பிடித்தாலோ, காலியான இடத்துக்குப் பக்கத்துக் கூட்டம் வந்துவிடும். கொண்டுபோய் விட்ட குரங்குக்குப் புதுக் காட்டில் எந்த மரம் எப்போது பழுக்கும் என்று தெரியாது. அருகில் இருக்கும் ஊரைத் தேடி வரும். டெல்லியில் 2007இல் நீதிமன்ற உத்தரவுப்படி ஆயிரக்கணக்கான குரங்குகளை அசோலா பட்டி சரணாலயத்துக்கு மாற்றினார்கள். நகரத்தில் இன்றும் குரங்குத் தொல்லை இருக்கிறது. 1972 வனவிலங்குச் சட்டப்படி வனத்துறை அனுமதி இல்லாமல் பிடிப்பது குற்றம். இவற்றை மிரட்ட, நீண்ட வாலுள்ள கருமூஞ்சிக் குரங்கை வாடகைக்குக் கொண்டுவந்து தோட்டத்தில் கட்டலாம் என்று யாராவது சொன்னால் அதற்கும் இதே சட்டம்தான்.

சரி, என்னதான் செய்வது? முதலில் வேலிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஆலங்கிளைகளை மட்டும் உரிய அனுமதியோடு கழித்து விடுங்கள். மரத்துக்கும் கொய்யா வரிசைக்கும் நடுவில் தரை தெரிகிற மாதிரி ஒரு அகலமான வெற்றுப் பட்டை வேண்டும். வெட்டவெளியைத் தரையில் கடக்கக் குரங்கு தயங்கும், நாய்க்குப் பயப்படும். மரத்துப் பக்கத்து ஓரத்தில் இருக்கும் அவரையை எடுத்துவிட்டு மிளகாய், மஞ்சள், சேனை போடுங்கள். அவற்றை அது அதிகம் தொடுவதில்லை. அவரையை வீட்டுப் பக்கம் மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் காவல். விடிந்த முதல் இரண்டு மணி நேரமும் சாயங்காலமும்தான் இவை மும்முரமாக மேயும், நடுப்பகலில் பெரும்பாலும் ஓய்வு. எனவே நாள் முழுக்க ஆள் போட வேண்டாம். பக்கத்துத் தோட்டக்காரர்களோடு முறை வைத்துக்கொண்டு, தோட்டத்துக்குள் நுழையும் முன்பே விரட்டுங்கள். உள்ளே வந்து ஒரு வாய் ருசி பார்த்துவிட்டால் மறுநாளும் வரும். பட்டாசும் சோளக்கொல்லை பொம்மையும் சில நாளுக்குத்தான். கொய்யாவுக்குப் போடும் நுரை வலையும் பாலிதீன் உறையும் பழ ஈயைத் தடுக்கும், குரங்கு கிழித்துவிடும். தொட்டால் உயிருக்கு ஆபத்தில்லாத சின்ன அதிர்ச்சி தரும் சோலார் வேலி நன்றாகப் பலன் தரும், ஆனால் கம்பம் வழியாக ஏறாதபடியும் கிளையிலிருந்து தாவாதபடியும் அமைக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலிக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். குரங்கும் சாகும், மனுஷனும் சாவான்.

பன்னேருகட்டா சாலையில் வண்டியை நிறுத்தி வாழைப்பழம் போடுகிறார்களே, அதை உங்கள் வட்டாரத்தில் எல்லோருமாகப் பேசி நிறுத்தினால் பாதித் தொல்லை தீரும். மனிதக் கையிலிருந்து வாங்கித் தின்று பழகிய குரங்குதான் ஆளைக் கண்டு அஞ்சாமல் தோட்டத்துக்குள் வருகிறது.

காவலுக்கு நிற்பவரைக் கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ரேபிஸ் தடுப்பூசி போடச் சொல்லுங்கள். செத்துக் கிடக்கும் குரங்கைக் கையால் தொடாமல் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.