பள்ளிக்கூடப் பெண், வயதில் மூத்த ஆண் என்ற கதையை நேர்மையாகச் சொன்ன படம் எது?

2009இல் வந்த 'அன் எஜுகேஷன்' என்ற ஆங்கிலப் படம். போன தீபாவளி லீவில் பிளஸ் டூ படிக்கும் மகளோடும் மனைவியோடும் உட்கார்ந்து பார்த்தேன். வயசுப் பிள்ளையோடு பார்க்கலாமா என்று கேட்டால், இரண்டு இடத்தில் நெளிய வேண்டியிருக்கும். அதைப் பொறுத்துக்கொண்டால் பார்க்கலாம்.

கதை 1961இல் நடக்கிறது. இடம் லண்டனின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கும் ட்விக்கன்ஹாம். இங்கிலாந்தில் போர்க்கால ரேஷன் கட்டுப்பாடு ஒழிந்தே ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது, வீடுகளில் அந்தச் சிக்கனம் இன்னும் விடவில்லை. ஜென்னிக்குப் பதினாறு வயது. வகுப்பில் கெட்டிக்காரி, செல்லோ என்கிற பெரிய வயலின் மாதிரியான வாத்தியம் வாசிப்பாள், அறையில் ஜூலியட் கிரெகோ பாடிய பிரெஞ்சு இசைத்தட்டைப் போட்டுக்கொண்டு தரையில் படுத்துக் கிடப்பாள். அப்பா ஜாக்குக்கு ஒரே லட்சியம், பெண் ஆக்ஸ்போர்டு போக வேண்டும்.

ஆரம்பத்திலேயே சாப்பாட்டு மேஜையில் ஒரு காட்சி வரும். ஆர்க்கெஸ்ட்ராவில் பேர் இருக்க வேண்டும், விண்ணப்பத்துக்கு அழகு என்கிறார் அப்பா. சரி, போய் வாசித்துப் பழகட்டுமா என்றால், அதெல்லாம் பொழுதுபோக்குதானே, அதற்கு எதற்குப் பழக்கம், லத்தீன் படி என்கிறார். என் மனைவி டிவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். மகளின் வீணை கிளாஸைப் பத்தாவதில் நிறுத்தியவன் நான்தான். "பரீட்சை முடியட்டும்" என்று சொன்னேன். முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது, வீணை பீரோ மேல்தான் இருக்கிறது.

இனி அந்த மனுஷன் வருகிறான். கொட்டும் மழையில் ஜென்னி செல்லோவோடு நனைந்துகொண்டு நிற்கிறாள். மெரூன் நிறத்தில் ஒரு பிரிஸ்டல் கார் பக்கத்தில் வந்து நிற்கிறது. உள்ளே முப்பதைத் தாண்டிய டேவிட். 'ஏறிக்கோம்மா' என்று அவன் சொல்வதே இல்லை. முன்பின் தெரியாதவன் காரில் நீ ஏறக் கூடாதுதான், ஆனால் எனக்கு உன் செல்லோவை நினைத்துத்தான் கவலை, அதை மட்டும் உள்ளே வை, நீ பக்கத்திலேயே நடந்து வா என்கிறான். அப்படியே செய்கிறாள். செல்லோ காருக்குள் நனையாமல் போகிறது, பெண் வெளியே நனைந்துகொண்டு நடக்கிறாள், கார் அவள் நடைக்கு ஈடாக ஊர்கிறது. கொஞ்ச நேரத்தில் அவளே கேட்டு உள்ளே ஏறிக்கொள்கிறாள். பயப்பட வேண்டிய விஷயத்தை அவனே முந்திக்கொண்டு சொல்லிவிட்டான். அதற்குமேல் அவள் பயப்பட என்ன மிச்சம்?

இந்த ஆளை எனக்குத் தெரியும். காதலனாக இல்லை.

1996இல் நான் பத்தாவது படித்தபோது எங்கள் வீட்டுக்கு ஒரு பைனான்ஸ் கம்பெனி ஏஜென்ட் வருவார். வந்ததும் பணத்தைப் பற்றிப் பேசமாட்டார். அம்மாவின் காபியைப் புகழ்வார், "அண்ணே, இவன் கணக்குல நூறு வாங்குறவன், பாத்துக்கிட்டே இருங்க" என்று என் தலையைத் தடவுவார். ஒருநாள் அப்பாவிடம், "அவசரப்படாதீங்கண்ணே, நல்லா விசாரிச்சுட்டுப் போடுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அப்பா விழுந்தார். மாசம் ரெண்டு வட்டி என்று சொல்லி பி.எஃப்.பில் லோன் எடுத்துப் போட்டார். பதினாலு மாசம் வட்டி வந்தது. பிறகு ஆபீஸ் வாசலில் பூட்டு.

டேவிட் ஜென்னியின் வீட்டுக்குள் நுழைவதும் இதே மாதிரிதான். அம்மாவைப் பார்த்து, உனக்கு அக்கா இருப்பதைச் சொல்லவே இல்லையே என்கிறான். அரதப் பழசான வசனம், ஆனால் அந்த அம்மாவிடம் அதைக்கூட யாரும் சொன்னதில்லை. அவர் ராத்திரி பதினொன்றரைக்கு மேல் அடுக்களையில் அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறவர். அப்பாவோ நாலு தெரு தள்ளிப் போவதற்கே நாற்பது காரணம் கேட்கிற ஆள். அவரிடம் டேவிட் ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்கிறான். முதலில் ஒரு கச்சேரி, பிறகு ஆக்ஸ்போர்டு, பிறகு பாரிஸ். துணைக்கு 'ஹெலன் அத்தை' வருவதாக ஒரு கதை. அத்தையுமில்லை, மாமியுமில்லை, கூட்டாளியின் காதலி. ஆக்ஸ்போர்டில் தனக்குப் பாடம் எடுத்த பெரியவரைப் பார்க்கப் போகிறோம் என்று நார்னியா கதைகள் எழுதிய சி.எஸ். லூயிஸ் பெயரை எடுத்துவிடுகிறான். போன இடத்தில் கடைசியில் அவனே உட்கார்ந்து லூயிஸின் புத்தகத்தில் லூயிஸ் மாதிரி கையெழுத்துப் போடுகிறான். ஜென்னி பக்கத்திலிருந்து பார்த்துச் சிரிக்கிறாள், அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டுகிறாள். அவர் பெருமையில் பூரித்துப் போகிறார்.

இந்தப் படம் பெண்ணை அப்பாவி ஆக்கவில்லை. இதுதான் எனக்குப் பிடித்தது. டேவிட்டும் அவன் கூட்டாளியும் ஒரு வீட்டுக்குள் போய், பழைய நிலப்படம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். ஒரு வயதான அம்மாளுடைய பொருள். வெள்ளைக்காரக் கிழவிகள் இருக்கும் கட்டிடத்தில் கறுப்பினக் குடும்பங்களைக் குடிவைப்பது, பயந்துபோய் அந்தக் கிழவிகள் கிளம்பும்போது அடிமாட்டு விலைக்கு வாங்குவது, இதுதான் அவன் தொழில். இது சினிமாவுக்காகக் கட்டியதில்லை. 1957 வாடகைச் சட்டம் புதிய குடித்தனங்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டது. பழைய குடித்தனக்காரரைக் கிளப்பினால் கட்டிடத்தின் மதிப்பே ஏறிவிடும். அதை வைத்துப் பிழைத்த பீட்டர் ராக்மேன் என்கிற வீட்டுக்காரரின் பெயரே அங்கே பின்னாளில் வசைச்சொல் ஆகிவிட்டது.

நிலப்படத் திருட்டு தெரிந்ததும் ஜென்னி கோபித்துக்கொண்டு விலகுகிறாள். டேவிட் மன்னிப்புக் கேட்கவில்லை. நாங்கள் உன்னைப் போல் அறிவாளிகள் இல்லை, வேறு வழியில்தான் புத்திசாலியாக இருக்க வேண்டியிருக்கிறது, பிடிக்கவில்லையென்றால் ட்விக்கன்ஹாமுக்குத் திரும்பிப் போய் ரேடியோ கேட்டுக்கொண்டு லத்தீன் வீட்டுப்பாடம் செய் என்கிறான். கதவைத் திறந்தே வைக்கிறான், ஆனால் வெளியே என்ன இருக்கிறது என்பதையும் காட்டிவிடுகிறான். அவள் காரில் ஏறிக்கொள்கிறாள். டேவிட்டாக வரும் பீட்டர் சார்ஸ்கார்ட் அந்த வசனத்தைக் குரலை உயர்த்தாமல் சொல்வார். வில்லன் என்று நினைத்தே பார்க்க முடியாது.

பள்ளியில் மட்டும் ஒருவரும் எச்சரிக்கவில்லையா? தலைமையாசிரியை எச்சரிக்கிறார். எம்மா தாம்சன், சில நிமிடம்தான் வருகிறார். டேவிட் யூதன் என்று தெரிந்ததும், ஏசுவைக் கொன்றவர்கள் அவர்கள் என்கிறார். ஏசுவே யூதர்தானே என்று ஜென்னி திருப்பிக் கொடுக்கிறாள். எச்சரிக்கை சரி, சொன்ன காரணம் அசிங்கம், ஆகவே அவளால் சுலபமாகத் தட்டிவிட முடிந்தது. ஜாதியைச் சொல்லிப் பிள்ளையைத் தடுக்கிற நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நடப்பதும் இதேதான். இவ்வளவு படித்து என்ன ஆவது என்று அவள் கேட்கும்போது தலைமையாசிரியை சொல்லும் பதில், டீச்சர் வேலை, இல்லாவிட்டால் அரசாங்க உத்தியோகம். பாரிஸ் பார்த்துவிட்டு வந்தவளிடம் இதைச் சொன்னால் எடுபடுமா? (யூதப் பாத்திரம் மோசக்காரனாக இருப்பது சரியில்லை என்று சில விமர்சகர்கள் குறைப்பட்டார்கள். நியாயமான குறை என்றே எனக்கும் படுகிறது.)

பிறகு டேவிட் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்கிறான். எங்கள் வீட்டில் படத்தை நிறுத்தியது இங்கேதான். பதினாறு வருஷமாக ஆக்ஸ்போர்டு ஆக்ஸ்போர்டு என்று உயிரை எடுத்த அப்பா, ஒரே ராத்திரியில் அது வேண்டாம் என்கிறார். நல்ல இடம் அமைந்துவிட்டது, இனி எதற்குப் படிப்பு? அப்படியானால் இந்த லத்தீனெல்லாம் எதற்கு, நேராக மாப்பிள்ளை பிடிக்கவே அனுப்பியிருக்கலாமே என்று ஜென்னி வெடிக்கிறாள்.

"நாமளும் இன்ஜினியரிங்னு சொல்றது எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"அவ சொந்தக் கால்ல நிக்கத்தான்."

"நிஜமாவா?"

நான் ரிமோட்டை எடுத்துப் படத்தை ஓடவிட்டேன்.

ஒருநாள் அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு விருந்துக்குப் போகும் வழியில் டேவிட் பெட்ரோல் போட இறங்குகிறான். ஜென்னி காரின் டாஷ்போர்டு அறையைத் திறக்கிறாள். கடிதங்கள். உறையில் 'திரு, திருமதி' என்று அவன் பெயர். வண்டியைத் திருப்பி வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். உள்ளே வந்து பெரியவர்களிடம் நானே சொல்கிறேன் என்கிறான். சொல்லவில்லை, காரைக் கிளப்பிக்கொண்டு போயே விட்டான். பிறகு ஜென்னி தேடிப்போய் அவன் மனைவியைப் பார்க்கிறாள், நடித்தவர் சாலி ஹாக்கின்ஸ். அந்தப் பெண் கத்தவில்லை, அழவில்லை. நீ முழுகாமல் இருக்கிறாயா, முன்னே அப்படியும் நடந்திருக்கிறது என்று அலுப்போடு கேட்கிறாள். அதற்குமேல் அவனைப் பற்றிப் படம் எதுவும் சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்தில் 1885இலிருந்து சம்மத வயது பதினாறுதான், ஆகவே அந்த உறவுக்காக அவன்மேல் வழக்குகூட வராது. நம் நாட்டில் 2012இல் வந்த போக்சோ சட்டப்படி பதினெட்டுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மகளுக்கு இதைச் சொன்னேன், அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

எனக்கு மனதில் நிற்பது அதற்கப்புறம் வரும் காட்சி. ஜென்னி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடக்கிறாள். அப்பா வெளியே நின்று கதவோடு பேசுகிறார். கொஞ்ச நாளைக்கு முன்னால் ரேடியோவில் லூயிஸைப் பற்றி நிகழ்ச்சி வந்ததாம். 1954லேயே அவர் ஆக்ஸ்போர்டை விட்டு கேம்பிரிட்ஜுக்கு மாறிவிட்டார் என்று சொன்னார்களாம். இவர் அம்மாவிடம், ரேடியோக்காரன் தப்பாகச் சொல்கிறான், அப்படியிருந்தால் நம் ஜென்னியின் புத்தகத்தில் அவர் கையெழுத்து எப்படி வரும் என்றாராம். வாழ்க்கை முழுக்கப் பயந்தே இருந்துவிட்டேன், நீயும் அப்படி இருக்க வேண்டாமென்று நினைத்தேன் என்கிறார். டீயும் பிஸ்கட்டும் வாசலில் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அப்பாவாக வரும் ஆல்ஃபிரட் மோலினா அதுவரை சிரிப்புக்காட்டிக்கொண்டிருந்தவர். கையெழுத்து பொய் என்று தெரிந்த மகள் கதவுக்கு உள்ளே இருக்கிறாள், ரேடியோவைவிட மகளை நம்பியவர் வெளியே நிற்கிறார். கம்பெனி பூட்டிய பிறகும் ஏஜென்ட் மேல் பழி சொல்லாமல், "அவனும் ஏமாந்துதான் இருப்பான்" என்று எங்கள் அப்பா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த ஞாபகம் வந்து எழுந்து பாத்ரூம் போய்விட்டு வந்தேன்.

லின் பார்பர் என்ற பத்திரிகையாளர் தன் பதினாறு வயதில் நடந்ததை எழுதிய கட்டுரைதான் மூலம். நாவலாசிரியர் நிக் ஹார்ன்பி திரைக்கதையாக்க, டென்மார்க்கைச் சேர்ந்த லோன் ஷெர்ஃபிக் இயக்கினார். ஜென்னியாக வரும் கேரி முல்லிகன் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர், சீருடையில் பார்த்தால் நம்ப முடியாது. ஆஸ்கரில் சிறந்த படம் உட்பட மூன்று பிரிவுகளில் போட்டியிட்டு ஒன்றும் கிடைக்கவில்லை, முல்லிகனுக்கு பிரிட்டிஷ் சினிமா விருதான பாஃப்டா கிடைத்தது. முடிவில் ஜென்னி ஆக்ஸ்போர்டு போகிறாள். அதற்கு உதவுவது, அவள் மட்டம்தட்டிப் பேசிய டீச்சர் மிஸ் ஸ்டப்ஸ். இந்தக் கடைசிப் பகுதி கொஞ்சம் வேகவேகமாக ஓடிவிடுகிறது. இன்னும் பத்து நிமிடம் கொடுத்திருக்கலாம்.

படம் முடிந்து லைட் போட்டதும் மகள் கேட்ட ஒரே கேள்வி: "அந்த மேப்பை அந்தப் பாட்டிகிட்ட யாருமே திருப்பிக் குடுக்கலையாப்பா?"

படத்தில் அது வராது. அவளுக்கு இன்னும் அந்தக் கோபம் தீரவில்லை.