கணவர் வெளிநாட்டில். லீவில் வரும்போது நெருங்கவே கூச்சமாக இருக்கிறது. எங்களுக்கு மட்டும்தான் இப்படியா?

உங்களுக்கு மட்டும் இல்லை சகோதரி. எந்த நாடு என்று நீங்கள் சொல்லவில்லை. வளைகுடா என்றே வைத்துக்கொள்கிறேன்.

நான் துபாயில் பிளம்பராக இருந்தவன். 2014-இல் கல்யாணம், 28 நாளில் விமானம். குடும்ப விசாவுக்குச் சம்பளம் 4,000 திர்ஹம் வேண்டும், கம்பெனி வீடு கொடுத்தால் 3,000. எனக்கு 1,400. சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் அறைக்கு எட்டுப் பேர். கீழ்க்கட்டிலைச் சுற்றிப் பழைய போர்வையைக் கட்டினால் அதுதான் தனி அறை. அங்கே வாட்ஸ்அப்பில் கால் பேச முடியாது, போட்டிம் என்ற ஆப்தான். மேல்கட்டிலில் தமிழ் தெரியாத தெலுங்குக்காரர் ஒருவர் வந்ததும், கெஞ்சிக் கேட்டு அவருக்குக் கீழே இடம் மாறினேன். எதற்கென்று புரிந்திருக்கும். அந்தப் போர்வைக்குள் பேசியதை நேரில் இன்றுவரை பேசியதில்லை.

நேரிலோ, மதுரை ஏர்போர்ட்டில் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் பையைத்தான் வாங்கினாள். முதல் வாரம் பக்கத்தில் யாரோ படுத்திருப்பது போலவே இருந்தது. (அந்தப் பையிலும் பாதி அடுத்தவர் வீட்டுச் சாமான். கோடாலித் தைலத்துக்குக்கூட ஒருவரும் காசு தந்ததில்லை. கேட்டால் துபாய்க்காரன் கணக்குப் பார்க்கிறானாம்.)

2018 லீவில், குழந்தை இல்லையென்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். டாக்டரம்மா சேர்ந்திருந்த நாட்களைக் கேட்டார். 28, அடுத்த லீவு 60, இந்த லீவு முழுதாக முடிந்தால் 45. “மொத்தம் 133 நாள். இது நாலு வருஷக் கல்யாணம் இல்லை தம்பி, நாலரை மாசக் கல்யாணம்” என்றார். கரு தங்க வாய்ப்பு மாதத்தில் ஆறு நாள்தானாம். அதன்பின் என் அம்மாவே காலண்டரைப் பார்த்து எங்களைச் சீக்கிரம் படுக்கச் சொன்னார். அதற்குமேல் எங்கே ஆசை வரும்?

“அங்கே ஆம்பளைகள் யோக்கியமா?” என்று கேட்க வருகிறவர்களுக்கு: நான் எல்லோருக்கும் ஜாமீன் நிற்கவில்லை. என் ஒழுக்கத்திலும் பாதி பயம்தான். விசா மெடிக்கலில் எச்.ஐ.வி. வந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

2021-இல் மொத்தமாக வந்துவிட்டேன். மகள் பிறந்தது அப்புறம்தான். மனசில் உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால் மனைவி இப்போதும் அடுத்த அறைக்குப் போய் எனக்குப் போன் அடிக்கிறாள். நானும் மெதுவாகத்தான் பேசுகிறேன், மேலே யாரோ படுத்திருக்கிற மாதிரி.