காலைல போட்ட ஆர்டர் மத்தியானம் காணோமுங்ணா!

கேள்வி: அண்ணா வணக்கமுங்க. அப்பா சென்னிமலைல போர்வை யாவாரம் பண்றாருங்க. ஆர்டர் எழுதி வெக்க ஃபிளாஸ்க்ல (பைதான்ல வெப் ஆப் எழுதற கருவி) சின்னதா ஒரு ஆப் எழுதி, கூகுள் கிளவுட் ரன்ல (நம்ம ஆப்ப கூகுள் கம்ப்யூட்டர்ல ஓட்டற சேவை) ஏத்துனேன். மொதல்ல 8080 போர்ட்ல (ஆப்ப வெளிய இருந்து கூப்பிடற கதவு நம்பர்) ஸ்டார்ட் ஆகலன்னு எரர், எப்படியோ ஓட வெச்சுட்டேனுங்க. ஆனா காலைல போட்ட ஆர்டர் மத்தியானம் பாத்தா ஒண்ணுமே இல்ல. டேட்டா எஸ்க்யூலைட் (ஒரே ஃபைல்ல நிக்கற டேட்டாபேஸ்) ஃபைல்லதான் இருக்கு, லேப்டாப்ல நல்லா ஓடுது. அப்பா மறுபடி நோட்டுக்கே போயிட்டாரு. எங்க தப்புங்ணா?
- கல்லூரி மாணவர், சென்னிமலை

பதில்: தம்பி, போன ஆர்டர் திரும்ப வராது கண்ணு. குடுத்தவங்களுக்கு இன்னைக்கே போன் பண்ணிக் கேட்டு அப்பா நோட்டுலயே எழுதிருங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

கிளவுட் ரன் மாதிரி சேவைய சர்வர்லெஸ்னு சொல்லுவாங்க, சர்வர்லெஸ்னா சர்வரே இல்லைன்னு அர்த்தமில்ல. உங்க ஊர்ல பாவு குடுத்து வீட்டுத்தறில கூலிக்கு நெய்ய வாங்குவாங்கல்ல, அந்தக் கணக்குதான். தறி அவங்களுது, நெய்ததுக்கு மட்டும் கூலி. ஆனா நெய்த போர்வைய தறி வீட்டுலயே போட்டு வெப்பமா, நம்ம குடோனுக்கு வந்தாகணுமில்ல? நீங்க போர்வைய தறி வீட்டுலயே விட்டுட்டீங்க. கிளவுட் ரன்ல உங்க ஆப் எழுதற ஃபைல் மெமரிலதான் (ரேம்) நிக்கும், யாரும் ஆப்பத் தொடலைன்னா கொஞ்ச நேரம், அதிகபட்சம் ஒரு 15 நிமிஷம் வெச்சிருந்துட்டு அந்த இன்ஸ்டன்ஸ (ஓடிட்டிருக்கற உங்க ஆப்போட ஒரு பிரதி) மூடிரும், எஸ்க்யூலைட் ஃபைலும் அதோட போயிரும். கூட்டம் வந்து ரெண்டு இன்ஸ்டன்ஸ் ஓடுச்சுன்னா இன்னும் மோசம், அப்பா போன்ல ஒரு லிஸ்ட்டும் உங்க போன்ல வேற லிஸ்ட்டும் தெரியும். இது கோளாறு இல்ல, அது அப்படி ஓடறதுக்குன்னே கட்டுனது.

அதனால டேட்டாவ வெளிய வைங்க. கிளவுட் எஸ்க்யூஎல் (கூகுளே ஓட்டற டேட்டாபேஸ்) எடுத்தா நீங்க எழுதுன எஸ்க்யூஎல் கட்டளைகள கொஞ்சம் மாத்துனாப் போதும், ஆனா அது ராத்திரி பகலா ஓடிட்டே இருக்கும், சும்மா இருந்தாலும் காசு. உங்க யாவாரத்துக்கு ஃபயர்ஸ்டோர்தான் (கூகுளோட இன்னொரு டேட்டாபேஸ்) சரின்னு நான் சொல்லுவேன், ஒரு நாளைக்கு 50,000 ரீட் (படிக்கறது), 20,000 ரைட் (எழுதறது) வரைக்கும் இலவசம். கோட திருப்பி எழுதோணும், ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தா முடிஞ்சிரும்.

"எப்படியோ ஓட வெச்சுட்டேன்"னீங்களே, அந்த "எப்படியோ" எனக்குப் புடிக்கல தம்பி. ஃபிளாஸ்க் தானா விட்டா 127.0.0.1-ல (அந்த மெஷின் தனக்குள்ளயே பேசிக்கற முகவரி) 5000 போர்ட்லதான் காது குடுக்கும், வெளிய இருந்து யாரும் கூப்பிட முடியாது. ஹோஸ்ட் 0.0.0.0-ன்னு (வெளிய இருந்து வர்றதையும் கேக்கறதுக்கு) வெக்கணும், போர்ட் நம்பர PORT-ங்கற என்விரான்மென்ட் வேரியபிள்ல (கிளவுட் ரன் ஆப்புக்குக் குடுக்கற செட்டிங்) இருந்து எடுக்கணும். இதுதானா பண்ணீங்கன்னு ஒருக்கா பாருங்க, இல்லாட்டி அடுத்த தடவ ஏத்தறப்ப அதே எரர் நிக்கும்.

அப்படியே மேக்ஸ் இன்ஸ்டன்ஸ (அதிகபட்சம் எத்தனை பிரதி ஓடலாம்ங்கறது) ரெண்டுன்னு வெச்சிருங்க, ரீஜியன் (ஆப் ஓடற இடம்) மும்பை போதும். பட்ஜெட் அலர்ட் போடுங்க, ஆனா அது மெயில்தான் அனுப்பும், செலவ நிறுத்தாது. காலைல மொத தடவ தொறக்கறப்ப கொஞ்சம் மெதுவா வரும், அதுக்காக மினிமம் இன்ஸ்டன்ஸ் (யாரும் தொடலைன்னாலும் ஓடிட்டே இருக்கற பிரதி) போட்டுக் காச விடாதீங்க.

ஃபயர்ஸ்டோருக்கு மாத்துனதும் அப்பாகிட்டக் குடுத்தறாதீங்க. நோட்டுலயும் ஆப்லயும் ஒரு மாசம் சேத்து எழுதுங்க, ரெண்டும் ஒத்து வந்தா அவரே நோட்ட மூடி வெச்சிருவாரு.