சுவரில் ஒரு துளை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஆண்களின் தன்பாலீர்ப்புக் காதலைச் சொல்லும் குறும்படங்களை ஒரு மாதமாகத் தேடித் தேடிப் பார்த்தேன். பழைய படங்களில் யாரும் வாயைத் திறப்பதில்லை. பார்வை, பெருமூச்சு, கடைசியில் பிரிவு அல்லது சாவு. இவ்வளவு மௌனம் கலையா, பயமா? காலம் மாறிய பிறகும் புதிய படங்கள் ஏன் அதையே செய்கின்றன?

எம்.

அன்புள்ள எம்.,

பயம்தான். ஆனால் பயத்திலிருந்து கலை வராது என்று யார் சொன்னது?

பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ழெனே 1950இல் ஒரே ஒரு படம் இயக்கினார். பெயருக்கு ‘ஒரு காதல் பாட்டு’ என்று பொருள். சுமார் 26 நிமிடம், பேச்சே கிடையாது. அடுத்தடுத்த சிறை அறைகளில் இரண்டு கைதிகள். நடுச்சுவரில் சின்னதாக ஒரு துளை. ஒருவன் அதில் வைக்கோலைச் செருகி சிகரெட் புகையை ஊதுகிறான். அந்தப் பக்கம் இருப்பவன் வாய் திறந்து வாங்கிக்கொள்கிறான். கதவுத் துளையில் காவலரின் கண். படத்தில் அப்பட்டமான காட்சிகளும் உண்டு, ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது அந்தப் புகைதான். அதைவிட நெருக்கமான முத்தத்தை நான் திரையில் பார்த்ததில்லை.

இந்தப் படம் ஆபாசமே என்று 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் உறுதிசெய்தது. அதே ஆண்டில்தான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 21 வயது நிரம்பிய ஆண்கள் தனிமையில் உறவு கொள்வது குற்றமல்ல என்று சட்டம் வந்தது. திரையரங்குக்குப் போகாது என்று தெரிந்தே எடுக்கும் படத்துக்கு இரண்டரை மணி நேரம் எதற்கு? குறும்படமே போதும், ஒளித்துவைக்கவும் வசதி.

அப்புறம் பேச்சு வந்தது. 1994இல் வந்த ‘ட்ரெவர்’ படத்தில் 13 வயதுப் பையன் மூச்சுவிடாமல் பேசுகிறான். பாடகி டயானா ராஸ் என்றால் அவனுக்கு உயிர். நண்பன்மேல் காதல் வருகிறது, விஷயம் வெளியே தெரிந்ததும் சாகப் பார்க்கிறான். சிரிக்கவைத்தே சொல்கிறார்கள். ஆஸ்கரும் கிடைத்தது. 1998இல் தொலைக்காட்சியில் போடும்போது, இதே நிலைமையில் இருக்கும் ஒரு பிள்ளை பார்த்தால் யாரைக் கூப்பிடும் என்று யோசித்து, ஒரு உதவி எண்ணையே தொடங்கிவிட்டார்கள்.

2017இல் இரண்டு மாணவர்கள் செய்த நாலு நிமிட அனிமேஷன் படம் ‘இன் எ ஹார்ட்பீட்’. பையனின் நெஞ்சிலிருந்து இதயம் குதித்து இன்னொரு பையன் பின்னால் ஓடுகிறது. இவன் அதைப் பிடிக்க அலைகிறான். இங்கேயும் பேச்சில்லை. ஆனால் காவலர் போய், கூச்சமும் ஊர்ப்பார்வையும் வந்திருக்கின்றன. அந்த மௌனம் வேறு, இது வேறு.

சரி, இரண்டாவது கேள்வி. அதில் நான் உங்கள் கட்சி. ஜன்னலோரம் நின்று மழையை வெறிக்கும் இன்றைய படங்கள் பல, பழைய மௌனத்தை இரவல் வாங்கி நடத்துகின்றன. சோம்பல்தான், வேறென்ன? பத்து வருஷம் சேர்ந்து வாழ்ந்த இருவர், பாத்திரம் யார் கழுவுவது என்று சண்டை போடும் படத்தை எடுக்கச் சொல்லுங்கள், முதல் ஆளாகப் பார்க்கிறேன்.

ஒரே ஒரு திருத்தம். பழைய படங்கள் எல்லாம் பிரிவில் முடிவதில்லை. ழெனே படத்தின் தொடக்கத்தில் ஒரு கை ஜன்னல் கம்பிக்கு வெளியே பூங்கொத்தை ஆட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து ஜன்னல் கை பிடிக்கப் பார்த்துத் தவறவிடும். படம் முடியும்போது அந்தக் கை பிடித்துவிடுகிறது. காவலர் அதற்குள் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார்.