வாங்கியே ஆகணுமா, வாங்கினா நல்லா இருக்குமா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. ‘தேவை எது, ஆசை எது’ என்று படம் பார்த்துப் பிரிக்கும் பயிற்சித்தாள் ஒன்றை அச்செடுத்துக் கொடுத்தேன். பத்துக்குப் பத்து வாங்கினான். அன்று சாயங்காலமே ஃபேன்ஸி ஸ்டோர் வாசலில் ரிமோட் கார் கேட்டு ஒரே அழுகை. “இது தேவைம்மா” என்று சாதிக்கிறான். வீட்டில் ஏற்கெனவே மூன்று கார் கிடக்கிறது. எப்படித்தான் புரியவைப்பது? கடையில் அழுதால் என்ன செய்வது?
– ஒரு வாசகி, கரூர்.

பதில்: உங்கள் மகன் பாடத்தை நன்றாகவே படித்திருக்கிறான். ‘தேவை’ என்றால் கிடைக்கும், ‘ஆசை’ என்றால் கிடைக்காது. அந்தத் தாளிலிருந்து ஒரு புத்திசாலிப் பிள்ளை எடுத்துக்கொள்ளக்கூடியது அவ்வளவுதான். அதை அன்றைக்கே பயன்படுத்தியும் பார்த்துவிட்டான்.

சோற்றையும் ஐஸ்கிரீமையும் பக்கத்தில் பக்கத்தில் படம் போட்டு ‘எது தேவை?’ என்று கேட்டால் நாலு வயதுப் பிள்ளையும் சரியாகச் சொல்லும். வீட்டில் சண்டை வருவது சோற்றுக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவே இல்லையே! ஷூவில் வருகிறது, ஸ்கூல் பையில் வருகிறது, ஜாமெட்ரி பாக்ஸில் வருகிறது. இவையெல்லாம் தேவைதான். ஆனால் எந்த ஷூ, எந்தப் பை என்பதில் ஆசை ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தாளில் இதற்குக் கட்டமே கிடையாது.

அதைவிடப் பெரிய சிக்கல் நம் வாயில் இருக்கிறது. தமிழ் வீட்டில் பிள்ளை முதலில் பழகும் சொற்களில் ஒன்று ‘வேணும்’. பசிக்கும் அதே சொல், பலூனுக்கும் அதே சொல். பெரியவர்களும் அப்படித்தான். “அப்பாவுக்கு பி.பி. மாத்திரை வாங்கணும்”, “இந்த வருஷம் ஏ.சி. வாங்கணும்”, “ஆடித் தள்ளுபடியில ரெண்டு புடவை வாங்கணும்”. மூன்றுக்கும் ஒரே ‘ணும்’. கூடத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டு வளரும் பிள்ளைக்குத் தேவைக்கும் ஆசைக்கும் நடுவில் இருக்கும் கோடு எங்கிருந்து தெரியும்?

எனவே முதல் பயிற்சி உங்களுக்கு. ஒரு மாதம், வீட்டில் எதை வாங்கப் பேசினாலும் இரண்டே வாக்கியங்களில் பேசுங்கள்: “வாங்கியே ஆகணும்”, “வாங்கினா நல்லா இருக்கும்”. மாத்திரை, வாங்கியே ஆகணும். ஏ.சி., வாங்கினா நல்லா இருக்கும். அட்சய திருதியைக்கு ஒரு கிராம் காசு எந்தப் பக்கம் என்பதையும் பிள்ளை காதுபடவே பேசி முடிவு செய்யுங்கள். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். இரண்டாவது வாரமே அவன் உங்களைத் திருத்த ஆரம்பிப்பான். கோபப்படாதீர்கள், அதற்குத்தான் இவ்வளவும்.

‘ஆசை’ என்ற சொல்லைக் குற்றச்சாட்டாகப் பயன்படுத்துவதையும் நிறுத்துங்கள். ஆசையாக வளர்த்தேன் என்கிறோம், ஆசை ஆசையாகச் சமைத்தேன் என்கிறோம். அதே சொல்லைப் பிள்ளை கேட்கும்போது மட்டும் “அதெல்லாம் வெறும் ஆசை” என்று தள்ளினால், ஆசைப்படுவதே தப்பு என்று நினைத்து அதற்குத் தேவை என்று பெயர் மாற்றிக்கொண்டு வருவான். ஆசைப்படலாம், அதற்குக் காத்திருக்க வேண்டும், காசு சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் சங்கதி.

இனி ஷூவுக்கு வருவோம். சீருடைக்கு ஏற்ற, முன்பக்கம் கட்டைவிரல் அகலம் இடம் விட்ட, தையல் பிரியாத கறுப்பு ஷூ 700 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் கேட்பது 1,900 ரூபாய் ஷூ. வழக்கமாக இரண்டில் ஒன்று நடக்கும். “முடியாது” என்பீர்கள், அல்லது “சரி, தொலை” என்று வாங்கிவிடுவீர்கள். இரண்டிலும் பிள்ளைக்கு ஒரு கணக்கும் தெரியப்போவதில்லை. விலையை இரண்டாகப் பிளந்து காட்டுங்கள். 700 தேவை, அதை அம்மா தருகிறேன். மிச்சம் 1,200 ஆசை, அது உன் பங்கு. வாரம் 30 ரூபாய் சேர்த்தால் 40 வாரம். ஒன்பது வயதில் கால் வளரும் வேகத்துக்கு, 40 வாரம் கழித்து இன்றைய அளவு ஷூ அவனுக்கு நுழையாது! இதை நீங்கள் சொல்லாதீர்கள். காலண்டரில் எண்ணச் சொல்லுங்கள், அவனே கண்டுபிடிப்பான். பொருளைத் தேவை என்றும் ஆசை என்றும் பிரிக்க முடியாத இடத்தில் விலையைப் பிரிக்கலாம். தீபாவளி டிரஸ், சைக்கிள், பின்னால் ஒருநாள் மொபைல் வரைக்கும் இந்த ஒரு முறை போதும்.

பங்கு போட அவன் கையில் காசு இருக்க வேண்டும். இந்த வயதுக்கு வாரம் 50 ரூபாய் கொடுத்துப் பார்க்கலாம். உங்கள் வசதிக்கு 20 என்றாலும் முறை அதேதான். ஞாயிறு காலை, கேட்காமலே கொடுங்கள். ஒற்றை நோட்டாகக் கொடுக்காதீர்கள். நோட்டு ஒன்று அப்படியே கிடக்கும், இல்லையென்றால் ஒரே மூச்சில் காணாமல் போகும். ஐந்து ரூபாய் நாணயங்கள் பத்தாகக் கொடுத்தால் நாலு இங்கே, ஆறு அங்கே என்று கை தானாகப் பிரிக்கும். மண் உண்டியலைவிடக் கண்ணாடி ஜாடி நல்லது, ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்குத் தெரியும். இந்தக் காசில் எதையெல்லாம் அவன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்: ஸ்டிக்கர், பள்ளி வாசல் தின்பண்டம், கிரிக்கெட் பந்துக்குப் பங்கு. நோட்டு, பேனா உங்கள் கணக்கு. மார்க்குக்கும் வீட்டு வேலைக்கும் இதை முடிச்சுப் போடாதீர்கள். போட்டால் தண்ணீர் பிடித்து வைக்கவும் கூலி கேட்பான்.

இது கெட்டுப்போவது இரண்டு இடத்தில். புதன்கிழமையே காசு தீர்ந்து “அடுத்த வாரத்தோடத இப்பவே கொடு” என்பான். கொடுத்தீர்களோ, கடன் வாங்கப் பழக்கியாயிற்று. இன்னொன்று தாத்தா. பேரன் முகம் வாடினால் அவர் சட்டைப் பையிலிருந்து நூறு ரூபாய் தானாக எழுந்து வரும். தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். தாத்தா காசில் பாதி ஜாடிக்கு என்ற விதியை அவரையே சொல்ல வையுங்கள்.

அடுத்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. கேட்பதையெல்லாம் அதில் அவனே எழுத வேண்டும்: தேதி, பொருள், கடையில் விசாரித்த விலை. நூறு ரூபாய்க்குள் என்றால் காத்திருப்பு ஏழு நாள், ஆயிரத்துக்குள் என்றால் முப்பது நாள், அதற்கு மேல் என்றால் பிறந்தநாளோ தீபாவளியோ. கெடு வந்ததும் “இன்னும் வேணுமா?” என்று நீங்களே நோட்டைத் திறந்து கேட்க வேண்டும். பாதியை அவனே அடித்துவிடுவான். அடிக்காததை, ஜாடியில் காசு இருந்தால், முகம் சுளிக்காமல் வாங்க விடுங்கள். ‘மறந்துடுவான்’ என்று நீங்கள் நோட்டைத் திறக்காமல் விட்டால் மொத்த ஏற்பாடும் அன்றோடு தீர்ந்தது.

நம் வீடுகளில் “பார்க்கலாம்” என்று ஒரு பதில் உண்டு. அதற்கு ‘கிடையாது’ என்று பொருள் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். காத்திருக்கச் சொல்லி ஏமாற்றினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2013-ல் வெளியான ஆய்வு. 28 சிறு பிள்ளைகள். படம் வரைய நல்ல கலர் பொருட்கள் கொண்டுவருகிறேன் என்று பாதிப் பேரிடம் சொல்லிக் கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். பிறகு எல்லோருக்கும் ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய்: “நான் வரும்வரை தின்னாமல் இருந்தால் இன்னொன்று”. சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் பொறுத்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் மூன்று நிமிடம். உடனே வேண்டும் என்று அழுகிற பிள்ளையைப் பார்த்ததும் ‘பொறுமையே இல்லை’ என்று சொல்லுமுன், கடைசியாக எத்தனை ‘பார்க்கலாம்’ சொன்னோம் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த ரிமோட் கார்? “இது தேவையா?” என்று கேட்டால் “ஆமாம்” என்றுதான் பதில் வரும். வேறு கேளுங்கள். இது இல்லாவிட்டால் நாளைக்கு எது நின்றுபோகும்? இதே வேலையைச் செய்வது வீட்டில் என்ன இருக்கிறது? வாங்கிய பிறகு இதற்கு இன்னும் எவ்வளவு ஆகும்? மூன்றாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. பெட்டியைத் திருப்பி அடிப்பக்கம் படிக்கச் சொல்லுங்கள். காருக்கு நாலு, ரிமோட்டுக்கு இரண்டு என்று பென்சில் பேட்டரி கேட்கிற ரகமாக இருந்தால், ஒன்று 20 ரூபாய் வீதம் 120. வாரக் காசு 50-ஐ வைத்துக்கொண்டு இதை எத்தனை முறை மாற்ற முடியும்? வீட்டில் கிடக்கும் மூன்று காரில் எத்தனை பேட்டரி இல்லாமல் படுத்திருக்கிறது என்றும் ஒரு பார்வை பார்த்து வரட்டும்.

கடைக்கு அழைத்துப் போவதை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் மாதத்தில் இரண்டு முறையாவது ரொக்கம் கொண்டு போங்கள். போனைக் காட்டுகிறோம், பெட்டி “ரூபாய் பெறப்பட்டது” என்று கத்துகிறது, சாமான் கைக்கு வருகிறது. இதில் காசு குறைவதைப் பிள்ளை எங்கே பார்த்தான்? 300 ரூபாயும் ஆறு சாமான் எழுதிய துண்டுச் சீட்டும் அவன் கையில் கொடுங்கள். மிச்சம் வந்தால் அவனுக்கு, ஆனால் சீட்டில் உள்ளது ஒன்றும் விடக் கூடாது. பாக்கெட்டில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் ஒரு கிராம் என்ன விலை என்றும் இப்போது பெரும்பாலும் அச்சிட்டிருக்கும், அதை ஒப்பிடச் சொல்லுங்கள். பெரிய பாக்கெட்தான் லாபம் என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம். ஷாம்பூவில் பல சமயம் பாட்டிலைவிடச் சின்ன சாஷேதான் மலிவு. சாஷேக்குப் பேர்போன கடலூர் நம்மூர்தானே! பத்து ரூபாய் பிஸ்கட்டின் பழைய கவர் ஒன்றை எடுத்து வைத்து ஒரு வருடம் கழித்துப் புதியதோடு எடையை ஒப்பிட்டால் இன்னொரு வேடிக்கையும் தெரியலாம்: பல சமயம் விலை அப்படியே நிற்கும், பிஸ்கட் இளைத்திருக்கும்.

விளம்பரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு, விளம்பரம் என்பது தன்னிடம் விற்கப் பேசும் பேச்சு என்றே புரிவதில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 13 வயதுக்குட்பட்டோரைக் குறிவைக்கும் வியாபார விளம்பரங்களுக்கு 1980 முதல் தடை இருக்கிறது. பொம்மைப் பெட்டியைப் பிரித்துக் காட்டும் யூடியூப் வீடியோவோ விளம்பரம் மாதிரியே தெரியாது. கூட உட்கார்ந்து, “இந்தப் பெட்டியை அவருக்கு யார் கொடுத்திருப்பாங்க?” என்று மட்டும் கேளுங்கள். போனில் பிளே ஸ்டோர் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி இன்றைக்கே மாற்றிவிடுங்கள். கேமில் ‘வைரம்’, ‘காயின்’ என்று கேட்டால் அது எத்தனை ரூபாய் என்று நோட்டில் எழுதாமல் பேச்சே கிடையாது.

சேர்த்த காசில் ஒருநாள் உருப்படாத பொருளை வாங்குவான், மூன்றாம் நாள் அது உடையும். “அப்பவே சொன்னேன்ல” என்று ஆரம்பிக்காதீர்கள், புதிதும் வாங்கித் தராதீர்கள். இருபது ரூபாயில் ஏமாறுவது இந்த வயதில் மலிவு. அடுத்த பிறந்தநாளுக்குப் பத்து முடியும்போது அவன் பெயரிலேயே தபால் அலுவலகத்தில் 500 ரூபாயில் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், பத்து வயதானவர்கள் தாங்களே கையெழுத்திட்டு நடத்த முடியும். ஜாடி நிரம்பினால் அங்கே போகட்டும்.

கடையில் அழுதால்? கிளம்புமுன் வாசலிலேயே “இன்னிக்குச் சீட்டுல உள்ளது மட்டும்” என்று சொல்லிவிடுங்கள். பசி நேரத்தில் அழைத்துப் போகாதீர்கள். பாதி அழுகை வயிற்றிலிருந்துதான் வருகிறது. அப்படியும் அழுதால் கடைக்குள் பாடம் நடத்த வேண்டாம், “நோட்டுல எழுதிக்கலாம், விலை என்னன்னு கேளு” என்று ஒரே ஒருமுறை சொல்லுங்கள். ஒன்பது முறை மறுத்துப் பத்தாம் முறை வாங்கிக் கொடுப்பதுதான் இருப்பதிலேயே மோசம். பத்து முறை அழ வேண்டும் என்று நீங்களே சொல்லிக்கொடுத்த மாதிரி. நிற்கவில்லையென்றால், பில் போடாத கூடையைக் கடைக்காரரிடம் சொல்லி ஓரமாக வைத்துவிட்டு வெளியே வந்து அடங்கும்வரை நில்லுங்கள். அரைமணி கழித்துத் திரும்பிப் போய் வாங்கிக்கொள்ளலாம். கடைக்காரர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார், இந்த வாரம் அவர் ஓரமாக வைத்த மூன்றாவது கூடையாக இருக்கும்.