மாஸ்க் முகத்தில் உட்கார மறுக்கிறதா? சிபாப் கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் நடத்திய மருத்துவ முகாமில், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் ஸ்லீப் ஆப்னியா நோயைப் பற்றிப் பேசி முடித்தபோது, அதற்காக இரவு முழுவதும் மாஸ்க் வழியே காற்றை அழுத்தத்தோடு ஊதி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் மெஷினைப் பற்றி இரண்டு கேள்விகளும் மாஸ்க்கைப் பற்றி ஒரு கட்டுத் துண்டுச் சீட்டுகளும் வந்து சேர்ந்தன. அன்று நேரம் போதாததால் அவற்றுக்கு இங்கே எழுத்தில் பதில் சொல்கிறேன். மருத்துவர் என்ற தகுதி எனக்கு இல்லை. தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் 12 ஆண்டுகளாக மாஸ்க் பொருத்தும் வேலை செய்கிறேன். 8 ஆண்டுகளாக நானும் இரவில் அதை அணிந்துதான் உறங்குகிறேன். முகக்கவசம் என்று எழுதினால் கொரோனா காலத்துத் துணிதான் நினைவுக்கு வரும் என்பதால் மாஸ்க் என்றே எழுதுகிறேன்.

கொருக்குப்பேட்டையிலிருந்து 52 வயது அன்பர்: கடையில் போட்டுப் பார்த்தபோது கச்சிதமாக இருந்த மாஸ்க், இரவில் படுத்ததும் கசிந்து கண்ணில் காற்றடிக்கிறது. பட்டையை இறுக்கினால் மூக்குத்தண்டு புண்ணாகிறது. வேறு அளவு வாங்க வேண்டுமா?

வாங்குவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, மெஷின் ஓடாத நிலையில் போட்டுப் பார்த்ததால் அந்த மாஸ்க்கைப் பற்றி நமக்கு ஏறக்குறைய எதுவும் தெரியவில்லை. மல்லாந்து படுத்தால் கன்னத்துச் சதை காதுப்பக்கம் சரிகிறது, தாடை தளர்ந்து பின்னுக்குப் போகிறது, மாஸ்க் உட்கார்ந்திருந்த தளமே மாறிவிடுகிறது. போதாததற்கு, அழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் மெஷின் என்றால் படுத்தவுடன் 4 அல்லது 5 சென்டிமீட்டர் நீரழுத்தத்தில் (மெஷினின் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு இது) மெதுவாக ஊதிவிட்டு, நள்ளிரவுக்கு மேல் தேவைக்கேற்ப 11, 12 என்று ஏறும். நீங்கள் 5-இல் சரிபார்த்த மாஸ்க் 12-இல் என்ன செய்யும் என்று தூங்கிக்கொண்டிருக்கும் உங்களுக்கு எப்படித் தெரியும்?

இப்போது மாஸ்க்கில் முகத்தைத் தொடும் மெத்தையான குஷனின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பெரும்பாலான சிலிக்கான் குஷன்களில் உள்ளே தடித்த தாங்கியும், அதற்கு மேல் வெங்காயச் சருகைப் போன்ற மெல்லிய இதழும் இருக்கும். காற்று உள்ளிருந்து அந்த இதழை உப்பவைத்து முகத்தோடு ஒட்டச் செய்கிறது. உள்மூடி வைத்த பிரஷர் குக்கரில் ஆவியே கேஸ்கெட்டைத் தள்ளி அடைப்பதைப் போன்ற வேலைதான் இது. பட்டையை இறுக்கும்போது இதழ் நசுங்கி மடிப்பு விழுகிறது, மடிப்பின் வழியே காற்று பீறிட்டுக் கண்ணில் அடிக்கிறது, கசிகிறதே என்று நீங்கள் மேலும் ஒரு சுற்று இறுக்குகிறீர்கள்.

இன்றிரவு எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டு, வழக்கமாக உறங்கும் தலையணையில் படுங்கள். மெஷினில் மாஸ்க் பொருத்தத்தைச் சோதிக்கும் வசதி இருந்தால் அதை ஓடவிடுங்கள். அது சில நிமிடங்கள் கூடுதல் அழுத்தத்தில் ஊதும். காற்று வந்துகொண்டிருக்கும்போதே மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரற்கடை முன்னால் இழுத்து, இதழ் உப்பியதும் மெல்லத் திரும்ப உட்காரவையுங்கள். பிறகு கீழ்ப்பட்டைகள் இரண்டையும் சமமாக, கசிவு நிற்கும்வரை மட்டும் இழுங்கள். மேல்பட்டைகளைக் கடைசியில் தொடுங்கள். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

எழுந்த அரை மணி நேரத்தில் மறைந்துவிடும் தழும்பு பொருட்டல்ல. முதல் ஆண்டில் எனக்கு அது நண்பகல்வரை நின்றதால், டீக்கடையில் புதிதாகக் கண்ணாடி போட்டிருக்கிறீர்களா என்று கேட்பார்கள். ஊருக்கெல்லாம் பொருத்திவிடும் நான் என் பட்டையை அளவுக்கு மீறி இறுக்கி வைத்திருந்தேன். தோல் உரிந்துவிட்டால், மூக்குத்தண்டைத் தொடாமல் மூக்கின் அடியில் உட்காரும் வகைக்கு மாறிப் புண்ணை ஆறவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அந்தப் புண்ணை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

ராயபுரத்திலிருந்து 47 வயது சகோதரி: இரண்டு பக்கமும் மூக்குத்தி அணிந்திருக்கிறேன். கழற்ற மனம் ஒப்பவில்லை. எனக்கேற்ற மாஸ்க் உண்டா?

உண்டு, அம்மா. மாஸ்க்கோடு வரும் எந்தக் கையேட்டிலும் நான் பார்க்காத இந்தக் கேள்வி, நம் பக்கத்தில் வாரம் ஒருமுறையாவது என்னிடம் வருகிறது. மூக்குத்தியின் கல்லை மட்டும் நினைக்காமல், மூக்கின் உட்பக்கம் இருக்கும் திருகையும் நினைத்துப் பாருங்கள். நாசித் துவாரத்தில் பொருந்தும் பில்லோ வகையில், இரண்டு சிறிய சிலிக்கான் கூம்புகள் துவாரத்தின் வாயிலில் அமர்கின்றன. கூம்பு விரியும்போது உள்ளிருக்கும் திருகை நெருக்கும். இரண்டாம் இரவே குத்தும், நான்காம் இரவு இரத்தம் கசியக்கூடும். ஆகவே அந்த வகை உங்களுக்கு வேண்டாம்.

மூக்கு முழுவதையும் சுற்றி அமரும் நேசல் மாஸ்க்கில், குஷனின் விளிம்பு நாசி மடலுக்கு வெளியே கன்னத்தின் மீது விழுவதால், தட்டையான ஒற்றைக்கல் மூக்குத்தி குஷனுக்குள்ளேயே அடங்கிவிடும். விளிம்பு கல்லின் மீதே ஏறுகிறதென்றால் குஷன் சிறியது. ஓர் அளவு பெரியதைக் கேளுங்கள். எழும்பி நிற்கும் பேசரி என்றால் மட்டும் இரவில் அதை மாற்றி, சிறிய கல்லைப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். மூக்கின் அடியில் தொட்டிலைப் போலத் தாங்கும் வகையையும் முயன்று பாருங்கள். அது மடலைத் தொடுவதில்லை. சோதிக்கப் போகும்போது மூக்குத்தியோடுதான் போக வேண்டும். மாஸ்க்குக்காக அதைக் கழற்றிவிட்டு வரும் சகோதரிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

காசிமேட்டிலிருந்து விசைப்படகு ஓட்டுநர்: மீசை அடர்த்தியானது, எடுக்க மாட்டேன். கடலுக்குப் போனால் நாலைந்து நாள் ஆகும். இது எனக்கு ஒத்துவருமா?

உங்களுக்கு, மேலே அந்தச் சகோதரிக்கு வேண்டாம் என்று சொன்ன பில்லோ வகையே முதல் தேர்வு. நேசல் மாஸ்க்கின் கீழ் விளிம்பு மேலுதட்டின் மீது, அதாவது மீசையின் மீது, அமர்வதால் ஒவ்வொரு முடியிடுக்கும் காற்றுக்கு வழியாகிறது. பில்லோ நாசித் துவாரத்திலேயே அடைத்துக்கொள்வதால் மீசைக்கு அதனோடு அதிக உறவில்லை.

பழக்கத்துக்கு நல்ல காலம் உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், தினமும் வீட்டில் உறங்கும்போது பழகிக்கொள்ளுங்கள். கடலில் பேட்டரியில் ஓட்டுவதானால், அந்த மெஷினுக்கென்று விற்கும் டிசி அடாப்டர் வழியாக மட்டும் இணையுங்கள். ஈரப்பதமூட்டியையும் சூடாகும் குழாயையும் அணைத்துவிட்டால் பேட்டரி வெகுநேரம் நிற்கும். இரவில் சரியாக மூச்சுவிடாதவர் பகலில் சுக்கான் பிடித்தபடியே கண்ணயரக்கூடும் என்பதால், கரையில் மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்று தயவுசெய்து முடிவெடுக்காதீர்கள்.

பெரம்பூரிலிருந்து ஒரு மகன்: அப்பாவுக்கு 71 வயது. தூங்கும்போது வாய் திறந்துகொள்கிறது. முகம் முழுவதும் மூடும் மாஸ்க்தான் வேண்டும் என்று கடைக்காரர் சொல்கிறார்.

வாய் திறக்கிறது என்றதும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கை நீட்டுவது விற்பவருக்கு எளிது, அணிபவருக்கு எளிதல்ல. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவதால் அடைக்க வேண்டிய விளிம்பு நீளமாகிறது, கசிவதற்கான இடங்களும் கூடுகின்றன. அதன் கீழ்ப்பட்டைகள் தாடையைப் பின்னுக்குத் தள்ளித் தொண்டையை இன்னும் குறுக்குவதும் உண்டு. அதனால் சிலருக்கு நேசல் மாஸ்க்கைவிடக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது.

வாய் ஏன் திறக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒவ்வாமையால் சளி அடைத்ததா, மூக்கின் நடுத்தண்டு வளைந்திருக்கிறதா, காற்று வறண்டு மூக்கு வீங்கியதா என்பதைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரே வருகையில் சொல்லிவிடுவார். ஈரப்பதத்தை ஒரு படி கூட்டிப் பாருங்கள். தேவையென்றால் வாய் திறக்காமல் தாங்கும் தாடைப்பட்டையையும் மருத்துவரிடம் கேளுங்கள். மூக்கு உண்மையிலேயே வழிவிடாது என்று தெரிந்தால் ஃபுல் ஃபேஸ்தான்; அப்போது மறுபேச்சில்லை. பிளாஸ்திரி போட்டு வாயை ஒட்டும் காணொளிகளைப் பார்த்து அப்பாவிடம் சோதிக்க வேண்டாம்.

அவருக்குப் பல்செட் இருந்தால், இரவில் கழற்றிவிட்டு உறங்குபவர் கழற்றிவிட்டே மாஸ்க்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பல்லோடு இருக்கும் கன்னமும் பல்லில்லாத கன்னமும் இரு வேறு முகங்கள். தன் கையால் மாஸ்க்கைக் கழற்ற முடியாத அளவுக்குத் தளர்ந்தவர் என்றால், வாந்தி வந்தால் ஆபத்து என்பதால், ஃபுல் ஃபேஸைப் பற்றி மருத்துவரிடம் பேசாமல் வாங்காதீர்கள்.

வியாசர்பாடியிலிருந்து 34 வயது இளைஞர்: போட்ட பத்தாவது நிமிடத்தில் மூச்சு முட்டுகிறது அண்ணா, கழற்றி எறிந்துவிடுகிறேன்.

தம்பி, மூச்சு முட்டுவது எப்போதும் பயத்தால் மட்டும் வருவதில்லை. உங்கள் மெஷினின் தொடக்க அழுத்தம் 4 என்று இருந்தால், நல்ல உடற்கட்டுள்ள ஒருவருக்கு அந்தக் காற்று போதாதது போலத் தோன்றும். அதை 6 அல்லது 7 ஆக்கினாலே பலருக்கு நெஞ்சு இலகுவாகிவிடுகிறது. மூச்சை வெளியே விடும்போது அழுத்தத்தைக் குறைக்கும் வசதியும் மெஷினில் இருக்கலாம். இரண்டையும் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

உண்மையில் பயம்தான் என்றால், பட்டையே மாட்டாமல் மாஸ்க்கைக் கையால் மூக்கில் பிடித்துக்கொண்டு, மெஷினை ஓடவிட்டு, உட்கார்ந்தபடி கிரிக்கெட் பாருங்கள். எந்த நொடியும் கையை எடுத்துவிடலாம் என்று தெரிந்த முகம் முரண்டு பிடிப்பதில்லை. ஓரிரு நாளில் பட்டையை மாட்டி உட்காருங்கள், பிறகு பகலில் படுத்துப் பாருங்கள், அதன் பிறகு இரவு. 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் இந்தச் சிகிச்சையை உலகுக்கு அறிவித்த காலத்தில், மாஸ்க்கை ஒவ்வோர் இரவும் பசையிட்டு முகத்தில் ஒட்ட வேண்டியிருந்தது. நமக்குக் கழற்றி எறியும் சுதந்திரமாவது இருக்கிறது.

திருவொற்றியூரிலிருந்து ஒரு சகோதரி: கணவரின் மாஸ்க்கில் உள்ள சிறு துளைகளிலிருந்து காற்று என் மேல் அடிக்கிறது. டேப் ஒட்டிவிட்டேன். தவறா?

தவறு. இந்த வரியைப் படித்தவுடன் போய் அந்த டேப்பைப் பிரித்துவிடுங்கள். அவர் வெளிவிடும் கரியமில வாயு வெளியேறுவதற்காகவே அந்தத் துளைகள் இருக்கின்றன. அடைத்தால் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். காற்றைப் பரவலாகச் சிதறவிடும் துளையமைப்புள்ள மாடல்கள் கிடைக்கின்றன, அடுத்த முறை அதை வாங்குங்கள்.

புது வண்ணாரப்பேட்டையிலிருந்து: எனக்கு பேஸ்மேக்கர் பொருத்தியிருக்கிறார்கள். மாஸ்க்கின் கிளிப்பில் காந்தம் இருக்கிறது.

அதை அணியாமல் மருத்துவரிடம் பேசுங்கள், காந்தமில்லாத கிளிப்புக்கு மாறுங்கள். மாஸ்க் தயாரிக்கும் நிறுவனங்களான பிலிப்ஸ் ரெஸ்பிரானிக்ஸ் 2022 செப்டம்பரிலும், ரெஸ்மெட் 2023 நவம்பரிலும் காந்தக் கிளிப் மாஸ்க்குகளைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டன. பேஸ்மேக்கர் போன்ற கருவிகளுக்கும் காந்தத்துக்கும் இடையே குறைந்தது 15 சென்டிமீட்டர் தூரம் வேண்டும். கருவி உங்களுக்கு இல்லாமல், அருகில் படுப்பவருக்கு இருந்தாலும் இதே எச்சரிக்கைதான்.

கொளத்தூரிலிருந்து: பாயில்தான் படுக்கிறேன். ஒருக்களித்துப் புரண்டால் குழாய் இழுத்து மாஸ்க் நகர்ந்துவிடுகிறது.

மாஸ்க்கைக் குற்றம் சொல்லாதீர்கள், குழாயின் எடை இழுக்கிறது. கொசுவலைக் கயிறு கட்டும் ஆணியிலிருந்து ஒரு துணி நாடாவைத் தொங்கவிட்டு, குழாயைத் தலைக்கு மேலிருந்து தளர்வாக வரச் செய்யுங்கள். மெஷின் தலைமட்டத்துக்குக் கீழே இருந்தால் குழாயில் திரளும் நீர் மூக்குக்கு வராது. பாயில் படுப்பவருக்கு அது கடினம் என்பதால், ஈரப்பதத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் பல இரவுகளில் அதற்கு வேலையே இல்லை.

எண்ணூரிலிருந்து: ஒரே மாதத்தில் குஷன் வழுவழுப்பாகிக் கசிகிறது. போலிச் சரக்கா?

போலி என்று சொல்வதற்கு முன், படுக்கும்போது முகத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தேங்காய் எண்ணெயும் வாசலினும் தைலமும் சிலிக்கானின் பகைவர்கள். முகத்தை வெறும் சோப்பால் கழுவித் துடைத்துவிட்டு மாஸ்க்கைப் போடுங்கள். காலையில் குஷனை வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பால் கழுவி நிழலில் உலர்த்துங்கள். டெட்டால் வேண்டாம், மொட்டைமாடி வெயிலும் வேண்டாம். பஞ்சு போன்ற மெமரி ஃபோம் குஷனை மட்டும் நீரில் நனைக்கக் கூடாது. உங்கள் பகுதிச் சாம்பல் தூசிக்கு மெஷினின் ஃபில்டரையும் அட்டவணை பார்க்காமல், நிறம் பார்த்து மாற்றுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து: மிக்ஜாம் புயலில் மின்சாரம் போனபோது பயந்துவிட்டேன். மாஸ்க்கோடு தூங்கும்போது கரண்ட் போனால் மூச்சு நின்றுவிடுமா?

நிற்காது. ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கில் காற்றழுத்தம் குறைந்ததும் திறந்துகொள்ளும் வால்வு இருக்கிறது. நேசல் வகையில் வாய் மூடப்படாததால் வாயால் மூச்சுவிடலாம். பெரும்பாலும் புழுக்கத்தில் விழித்துவிடுவீர்கள். ஆனால் சிகிச்சை நின்றுவிட்டது என்பதால் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, தலையை உயர்த்தி ஒருக்களித்துப் படுங்கள்.

மூலக்கடையிலிருந்து: புதிய மாஸ்க் வாங்கப் போகிறேன். எதை எடுத்துச் செல்ல வேண்டும்?

முந்தைய வாரத்தின் மெஷின் பதிவை எடுத்துச் செல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சுத் தடைபட்டது என்ற எண் 5-க்குக் கீழே இருந்தாலும், கசிவு எண்ணையும் காட்டுங்கள். ரெஸ்மெட் மெஷின்களில் அது நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் அதிகம் என்று கொள்கிறோம். சில நிறுவனங்கள் துளைகள் வழியே வெளியேறும் காற்றையும் சேர்த்துக் காட்டுவதால், பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

கூடவே உங்கள் தலையணையையும் எடுத்துச் செல்லுங்கள். அண்மையில் ஒரு தம்பதியர் இலவம்பஞ்சுத் தலையணையைப் பெரிய மஞ்சள் பையில் திணித்து எடுத்துவந்து, கூச்சப்பட்டுக் கதவோரமே நின்றார்கள். படுக்க வைத்து, மெஷினை 10-இல் ஓடவிட்டு, இடமும் வலமும் புரளச் சொன்னதில் முதல் மூன்று மாஸ்க்குகள் கசிந்தன. நான்காவதில் அந்த மனிதர் பதில் சொல்லாமல் குறட்டையும் இல்லாமல் தூங்கிவிட்டார். அதையே பில் போடச் சொல்லி அந்த அம்மா பணத்தை எடுத்தார்.